எபிசோட் 38: அத்தை, கயா, அப்புறம் அந்தப் பத்து நாள்

(படிக்க வசதியாகப் பேச்சு ஆங்காங்கே திருத்தப்பட்டிருக்கிறது.)

கல்யாணத்துக்கு அப்புறம் நான் பதிவு செய்கிற மூணாவது எபிசோட் இது. முதல் ரெண்டுலயும் கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூடப் பேசலையேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசாததுக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால சொல்றேன். அதுக்குள்ள புத்தர் காலத்து மாமனார், மருமகள் சண்டை ஒண்ணு இருக்கு.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நாலு வருஷமா விபாசனா தியானம் பழகுறேன். புதுசா வந்தவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். சென்னைக்குப் பக்கத்துல திருமுடிவாக்கத்துல தம்ம சேதுன்னு ஒரு மையம் இருக்கு. பத்து நாள் அங்கேயே தங்கணும். காலைல நாலு மணிக்கு மணி அடிப்பாங்க. ஃபோனை உள்ளே போகும்போதே வாங்கி வெச்சிடுவாங்க. ஒன்பது நாள் மௌனம். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. கட்டணம் கிடையாது. முடிச்சவங்க விருப்பப்பட்டுக் கொடுக்கிற காசுல அடுத்து வர்றவங்க சாப்பிடுவாங்க. வீட்டுக்குப் போன பிறகு காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வாங்க. எனக்குக் காலை ஒரு மணி நேரம் மட்டும் கெட்டியா நின்னுடுச்சு. சாயங்காலம் ஆபீஸ்ல ரிலீஸ் இருந்தா போச்சு.

கல்யாணத்துக்கு முன்னாடி வேளச்சேரியில மூணு பொண்ணுங்க சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். மத்த ரெண்டு பேரும் எட்டு மணிக்குத்தான் எழுந்திரிப்பாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் யாருக்கும் கணக்குச் சொன்னது இல்லை. ஆவணியில கல்யாணம் ஆச்சு. இப்போ குரோம்பேட்டையில மாமா, அத்தை, இவர், நான்னு நாலு பேர். "இவர்"னு சொல்றேன் பாருங்க. தனியா இருந்தா "டா"தான். அத்தை கேட்கிற நிகழ்ச்சி இது, அதனால இவர்.

முதல் வாரம் அஞ்சு மணிக்கு எழுந்து, ரூம் கதவைச் சாத்திட்டு, இவர் தூங்கிட்டு இருக்கும்போதே ஒரு மூலையில உட்கார்ந்தேன். வெளியில அத்தை எழுந்து பால் பாக்கெட் எடுக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் விளக்கேத்துவாங்க, சுப்ரபாதம் போடுவாங்க. நான் ஆறு மணிக்கு வெளியில வந்தா, "தூங்கிட்டு இருந்தியாம்மா?"ன்னு கேட்பாங்க. "இல்ல அத்தை, தியானம்." "ஓ." அவ்வளவுதான். கோபம் எல்லாம் இல்லை. ஆனா அந்த "ஓ" ஒரு மாசம் ஓடுச்சு.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஏதோ சரியா ஓடலைன்னா ஒரே சமயத்துல நாலு விஷயத்தை மாத்தக் கூடாது. ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும். நேரத்தை மாத்தலை, முறையை மாத்தலை, இடத்தை மட்டும் மாத்தினேன். ஹால்ல, சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரோரமா ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தேன். மூணாவது நாள் அத்தை காபி டம்ளரோட நின்னு கொஞ்ச நேரம் பார்த்திருக்காங்க. நான் எழுந்ததும் கேட்டாங்க: "நீ மூச்சைத்தானே கவனிச்சுட்டு இருக்க?" ஆமாம்னேன். "இதுக்கா கதவைச் சாத்தின?"

அவங்களுக்குத் தியானத்தோட ஒரு பிரச்சினையும் இருந்தது இல்லை. மூடின கதவோடதான். புதுசா வீட்டுக்கு வந்த பொண்ணு அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திட்டு உள்ளே என்ன செய்யுதுன்னு தெரியாம, கூப்பிடலாமா வேண்டாமான்னு தெரியாம, ஒரு மாசம் அந்த அம்மா வெளியில நின்னிருக்காங்க.

ஹால்ல உட்கார்றது சுலபம்னு நினைச்சுக்காதீங்க. குக்கர் மூணு விசில் அடிச்சிருக்கும், நாலாவது வருமா வராதான்னு மனசு காத்துட்டு இருக்கும். தோள்பட்டையில எங்க இறுகுது, வயித்துல என்ன ஆகுதுன்னு அந்தக் காத்திருப்புலதான் நல்லாத் தெரியும். மையத்துல அவ்வளவு அமைதியில கிடைக்காத பாடம் இது. விபாசனாவே உடம்புல வர்ற உணர்ச்சியைப் பார்த்துட்டு அது மேல பாயாம இருக்கிற பழக்கம்தான். மாமா பேப்பர் மடிக்கிற சத்தத்துல அதைப் பழகுறேன் இப்போ.

இது வரைக்கும் சின்ன விஷயம். பெரிய விஷயம் கார்த்திகையில வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் போறது என் வழக்கம். தை மாசம் போகணும்னு சொன்னேன். இவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். மாமா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கலை. அத்தை வேண்டாம்னு சொல்லலை. ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அந்தப் புத்தரே பொண்டாட்டி புள்ளைய ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டுப் போனவர்தானேம்மா? அவர் வழியில போறேன்னு நீ சொன்னா, நான் அதை எப்படிப் புரிஞ்சுக்கிறது?"

யாரோ சொந்தக்காரங்க வேற, அந்த மாதிரி முகாமுக்குப் போறவங்க கடைசியில மொட்டை போட்டுக்கிட்டு அங்கேயே இருந்திடுவாங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க. பயம் நியாயமானது. கல்யாணம் ஆகி நாலு மாசம், பத்து நாள் ஃபோன் இல்லை, காரணம் ஆன்மிகம். அவங்க இடத்துல இருந்து பார்த்தா நானும் பயப்படுவேன்.

என்கிட்ட ஒரு பதில் தயாரா இருந்தது. எனக்கு இந்த முறை வந்த வழியில இருந்தவங்க துறவிகள் இல்லை, குடும்பஸ்தர்கள். சயாஜி ஊ பா கின், 1948-ல பர்மா சுதந்திரம் அடைஞ்சப்போ அந்த நாட்டோட அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனவர். பிள்ளைகள் உள்ளவர். ஆபீஸ்லயே வேலை செய்யிறவங்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தவர். அவர்கிட்ட கத்துக்கிட்ட எஸ். என். கோயங்கா மாண்டலேயில பிறந்த வியாபாரி, ஆறு மகன்களுக்கு அப்பா. 1969-ல பம்பாயில அவர் நடத்தின முதல் முகாம்ல 14 பேர்தான். அதுல அவரோட அப்பா அம்மாவும் இருந்தாங்க. நோயோட இருந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னுதான் இந்தியாவுக்கே வந்தார். இதெல்லாம் சொன்னேன்.

அத்தை முழுசாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "அவங்க எல்லாம் ஆம்பளைங்க. அவங்க உட்கார்ந்திருந்தப்போ வீட்டை யாராவது பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

இதுக்கு நான் பதில் சொல்லலை. ஏன்னா அது உண்மை.

இந்த நேரத்துலதான் மாமா பேப்பரை மடிச்சு வெச்சார். அவருக்கு ரொம்ப நாளா ஒரு கடன் பாக்கி. அவங்க அப்பா அம்மாவுக்குக் கயாவுல பிண்டம் போடணும். ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் போகலை. "உன் புத்தர் ஊரும் கயாகிட்டதானேம்மா? எல்லாருமாப் போய்ட்டு வருவோம்"ன்னார். கல்யாணம் நடந்த வருஷத்துல பிண்டம் போடலாமான்னு அத்தைக்கு ஒரு சந்தேகம். வீட்டு வாத்தியார், கயா சிராத்தத்துக்கு அந்தத் தடை இல்லைன்னு சொல்லிட்டார். கல்யாணம் முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் மூணு நாள் மூணாறு போயிருந்தோம். மார்கழியில நாலு பேரா காசி, கயா. என் டீம்ல எல்லாரும் இதை இரண்டாவது தேனிலவுன்னே சொல்லிச் சிரிச்சாங்க.

காசியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா இந்த எபிசோட் போதாது, விட்டுடறேன். அங்கிருந்து 10 கிலோமீட்டர்ல சாரநாத். புத்தர் முதல் தடவையா அஞ்சு பேருக்குப் போதிச்ச இடம். தமேக் ஸ்தூபத்தைச் சுத்தி வந்துட்டு அத்தை, "இதெல்லாம் வடக்கத்திக்காரங்க சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் என்ன?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அத்தை சின்ன வயசுல வளர்ந்தது நாகப்பட்டினம் வெளிப்பாளையம். ராஜராஜ சோழன் காலத்துல ஸ்ரீவிஜய மன்னர் அங்கே சூடாமணி விகாரம் கட்டினார். அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்னு ஒரு ஊரையே கொடுத்தான். 1856-ல ஆரம்பிச்சு நாகப்பட்டினத்துல பூமிக்குள்ள இருந்து ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைச்சது. அதுல நிறைய வெளிப்பாளையத்துல கிடைச்சதுதான். எழும்பூர் மியூசியத்துல போய்ப் பார்க்கலாம். இதைச் சொன்னதும் அத்தை, "எங்க தெருவுலயா?"ன்னாங்க. அதுக்கப்புறம் புத்தர் கொஞ்சம் ஊர்க்காரர் ஆயிட்டார்.

கயா. விஷ்ணுபாதம் கோவில், பல்குனி நதிக்கரை. வருஷத்துல பாதி நாள் அந்த ஆத்துல மேலே தண்ணி ஓடாது, மணலைத் தோண்டினாத்தான் வரும். சீதை சாபம்னு சொல்வாங்க. 2022-ல கோவில் பக்கத்துல ரப்பர் அணை கட்டினதால இப்போ தண்ணி நிக்குது. மாமா அதைப் பார்த்துட்டு, "சாபத்துக்கு இன்ஜினியர் பரிகாரம்"ன்னு சொன்னார். எங்க வீட்டு ஜோக் இந்த ரகம்தான், மன்னிச்சுக்கோங்க.

அங்கே நடந்ததுல ஒண்ணை மட்டும் சொல்லணும். கயாவுல அம்மாவுக்குன்னு தனியா 16 பிண்டம் வைப்பாங்க. மாத்ரு ஷோடசின்னு பேர். ஒவ்வொரு பிண்டத்துக்கும் அம்மா பட்ட ஒரு கஷ்டம். சுமந்தது, பெத்தது, கசப்பு மருந்து குடிச்சது, ராத்திரி கண் முழிச்சது. அதுக்கெல்லாம் மகன் ஒவ்வொரு உருண்டையா வெச்சுக்கிட்டே போறான். எங்க வாத்தியார் ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல அர்த்தம் சொன்னார். ஆறாவதுலயே மாமாவுக்குக் குரல் போயிடுச்சு. எனக்குப் பாலி நூல்கள்ல புத்தர் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது: அம்மாவை ஒரு தோள்லயும் அப்பாவை ஒரு தோள்லயும் நூறு வருஷம் தூக்கிச் சுமந்தாலும் அந்தக் கடன் தீராதுன்னு சொல்றார். அதே ஊர்ப் பக்கத்துல, அதே கடனைப் பத்தி. ஆனா சட்டுனு ஒப்பிட்டுப் பேசலை. மாமா அழும்போது ஒப்பிலக்கணம் வேண்டாம்.

அத்தையும் அழுதாங்க. அது வேற அழுகைன்னு எனக்கு அப்போ தெரியலை.

அப்புறம் அட்சய வடம், அதாவது ஆலமரம். கயாவுக்கு வந்தவங்க அங்கே ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விடணும். திரும்ப வாழ்நாள்ல சாப்பிடக் கூடாது. மாமா விட்டது பாகற்காய். அவர் பாகற்காயைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. வாத்தியார் சிரிச்சுட்டே சொன்னார், காய்னா காயம், உடம்பு மேல இருக்கிற ஆசை. பழம்னா பலன் மேல இருக்கிற ஆசை. அதை விடத்தான் இதுன்னு. மாமா, "சரி, ரெண்டையும் விட்டாச்சு, பாகற்காயையும் விட்டாச்சு"ன்னார். அத்தை பலாப்பழத்தை விட்டாங்க. எங்க வீட்ல சீசன்ல அத்தைக்காகவே பலாப்பழம் வரும். இவர் பதறிட்டார். "ஏம்மா, சப்போட்டா எதையாவது விட வேண்டியதுதானே?" அத்தை சொன்னது: "பிடிக்காததை விடுறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்குடா வரணும்?"

நான் நாலு வருஷமா நெக்கம்மம், அதாவது துறத்தல்ங்கிற வார்த்தையைப் படிச்சிட்டு இருக்கேன். உரையெல்லாம் கேட்டிருக்கேன். அத்தை அந்த வார்த்தையைக் கேட்டதே கிடையாது.

மறுநாள் புத்தகயா. கயாவுல இருந்து 12 கிலோமீட்டர் போல. போகும்போது வண்டியில மேப்பைக் காட்டினேன். புத்தகயாவுல ஓடுற நதி நிரஞ்சனா. பாலியில நேரஞ்சரா. புத்தர் ஞானம் அடைஞ்சது இதன் கரையிலதான். இது வடக்கே போய் மோகனாங்கிற ஆத்தோட சேர்ந்து, பேர் மாறி, பல்குனி ஆகுது. முந்தின நாள் மாமா பிண்டம் கரைச்ச அதே தண்ணி. அத்தை மேப்பை விரலால ரெண்டு தடவை பெரிசாக்கிப் பார்த்தாங்க. "அப்போ அவர் மேல உட்கார்ந்திருந்தார், நாம கீழ கரைச்சோம்"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க.

மகாபோதி கோவிலுக்குள்ள ஃபோன் கொண்டு போக முடியாது. வெளியில கொடுத்துட்டுத்தான் போகணும். 2013-ல அங்கே குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் கெடுபிடி அதிகம். எந்த வாசல்ல எத்தனை மணிக்குச் சந்திக்கிறதுன்னு நாலு பேரும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டோம். அப்படி ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பிரிஞ்சு போய் எத்தனை வருஷம் ஆச்சு? மார்கழிக் குளிர்ல கூட்டம் சொல்லி மாளாது. மரூன் போர்வையில திபெத்திய அம்மாக்கள் மரப்பலகை மேல விழுந்து விழுந்து வணங்கிட்டு இருக்காங்க. இலங்கையில இருந்து வெள்ளை உடையில குடும்பம் குடும்பமா. போதி மரத்தோட கிளைகளை இரும்புக் கம்பிகள் தாங்கி நிக்குது. இது பழைய மரம் இல்லை, 1876-ல அது சாய்ஞ்ச பிறகு அதன் வழியில வந்தது. அங்கே யார் நிர்வாகம் செய்யிறதுங்கிற பிரச்சினை ஒண்ணு இருக்கு. 1949-ல போட்ட சட்டம், இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்த கமிட்டி, இப்பவும் போராட்டம் நடக்குது. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.

நான் மரத்துக்குப் பக்கத்துச் சுவரோரமா உட்கார்ந்தேன். அத்தை யாரும் சொல்லாமலே பிரதட்சிணம் ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தப்போ பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. மடியில ரெண்டு அரச இலை.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனோம், சுஜாதா ஸ்தூபம் பார்க்க. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா இருந்த சித்தார்த்தனுக்குப் பால்சோறு கொடுத்தவள் சுஜாதா. அதைச் சாப்பிட்ட பிறகுதான் அவர் போய் அரச மரத்தடியில உட்கார்ந்தார். அத்தைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சது. "பாயசம் சாப்பிட்டுத்தான் ஞானம் வந்ததுன்னு சொல்லு." அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம நடந்தாங்க. மாமாவும் இவரும் முன்னாடி போயிட்டாங்க. பாலத்து மேல நின்னுட்டுக் கேட்டாங்க: "அந்தப் பொண்ணு என்ன ஆச்சும்மா?"

சுஜாதாவான்னு கேட்டேன். "இல்ல, விட்டுட்டு வந்தாரே, அந்தப் பொண்ணு."

யசோதரை. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். ஞானம் அடைஞ்ச பிறகு புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பிப் போறார். ஊரே போய் வணங்குது. யசோதரை போகலை. எனக்கு ஏதாவது மதிப்பு இருந்தா அவரே வரட்டும்னு உள்ளேயே இருந்துட்டாள். அவர் போனார். பின்னாடி அவளும் பிக்குணி ஆனாள். மகன் ராகுலனை ஏழு வயசுலயே சங்கத்துல சேர்த்துக்கிட்டாங்க. அப்போ அழுதது தாத்தா சுத்தோதனர். மகன் போனான், இப்போ பேரனும் போயிட்டான், இந்த வலி தோலைத் தாண்டிச் சதையைத் தாண்டி எலும்பு வரைக்கும் போகுதுன்னு மகன்கிட்டயே போய்ச் சொல்றார். இனிமே அப்பா அம்மா சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் சேர்க்காதேன்னு கேட்கிறார். புத்தர் அதை விதியாவே ஆக்கினார். வினயத்துல இன்னைக்கும் இருக்கு.

அத்தை, "அந்தத் தாத்தா சொன்னதைக் கேட்டாருல்ல"ன்னாங்க. யசோதரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. நானும் சமாதானம் சொல்லலை. உலகத்துக்கு நல்லது நடந்தது, அதனால அவள் பட்டது சரிதான்னு சொல்ற விளக்கங்கள் எனக்குப் பிடிக்கிறதில்லை. அவள் அன்னைக்கு வாசலுக்கு வராம உள்ளே இருந்தது நியாயம்னுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம்தான் அத்தை சொன்னாங்க. 1992 மகாமகத்துக்குக் கும்பகோணம் போகணும்னு அவங்களுக்கு ஆசை. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். மாமியார் விடலை. அந்த வருஷம் குளத்துல நெரிசல் ஏற்பட்டு எத்தனையோ பேர் இறந்தாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "போகாததே நல்லதாப் போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அதுக்கப்புறம் எங்க போகணும்னு கேட்டாலும், அன்னைக்கு உன்னை விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரே கேள்வி. 2004 மகாமகத்துக்கும் அதே கேள்வி. அவங்க போன பிறகு 2016-லதான் போனேன். நேத்து அந்தப் பதினாறு உருண்டை வைக்கும்போது, இவங்க மேல எனக்கு இருந்த கோபத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியலைம்மா."

இதுக்கு மேல அவங்க சொன்னதை நான் சொல்லப் போறதில்லை.

இப்போ அந்தப் பழைய சண்டை. புத்தர் காலத்துல சாகேத நகரத்துல விசாகைன்னு ஒரு பொண்ணு. சின்ன வயசுல இருந்தே புத்தரோட உபாசிகை. அவளைச் சாவத்தியில இருந்த மிகாரர்ங்கிற பெரிய செல்வர் வீட்டுக்குக் கல்யாணம் செய்து அனுப்புறாங்க. அந்த வீடு வேற துறவிகளைக் கும்பிடுற வீடு. ஒரு நாள் மாமனார் தங்கக் கிண்ணத்துல பாயசம் சாப்பிடறார். வாசல்ல ஒரு பிக்கு பிச்சைக்கு நிக்கிறார். மாமனார் கண்டுக்கலை. விசாகை விசிறிட்டே பிக்குகிட்ட சொல்றாள், தள்ளிப் போங்க சாமி, மாமா பழையது சாப்பிடறார்ன்னு. தமிழுக்குன்னே செய்த மாதிரியான வார்த்தை. பழைய பிறவிப் புண்ணியத்தைத்தான் இவர் இப்போ சாப்பிட்டு முடிக்கிறார், புதுசா ஒண்ணும் சேர்க்கலைன்னு அர்த்தம். மாமனார் கொதிச்சு, வீட்டை விட்டு அனுப்புன்னு கத்துறார். அவள் அழலை. என்னோட எங்க அப்பா எட்டுப் பெரியவங்களை அனுப்பியிருக்காரே, அவங்க விசாரிக்கட்டும்ங்கிறாள். விசாரணை நடக்குது, குத்தம் இல்லைன்னு தீர்ப்பு. கடைசியில மாமனாரே புத்தர் பேச்சைக் கேட்டு மனசு மாறி மருமகளைத் தாயேன்னு கூப்பிடறார். மிகாரரின் தாய் விசாகைன்னே அவளுக்குப் பேர்.

முடிவு எனக்கு அவ்வளவா ஒட்டலை. மாமாவை மாத்துறது என் வேலை இல்லை, அவர் பாகற்காய் அளவுக்கு மாறினதே போதும். எனக்குப் பிடிச்சது நடுவுல வர்ற விசாரணைதான். அதுல விசாகையோட அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்த பத்து அறிவுரையும் விசாரணைக்கு வருது. மாமனார் மாமியார் சாப்பிட்ட பிறகு சாப்பிடு, தூங்கின பிறகு தூங்குன்னு அர்த்தம் வர்றதெல்லாம் அதுல இருக்கு. இன்னைக்கு அதை அப்படியே எடுத்துக்க மாட்டேன். ஆனா முதல் அறிவுரை என்னை நிறுத்திடுச்சு: வீட்டு நெருப்பை வெளியில கொண்டு போகாதே. அதாவது வீட்ல இருக்கிறவங்க குறையை வெளியில போய்ப் பேசாதே. ரெண்டாவது, வெளி நெருப்பை வீட்டுக்குள்ள கொண்டு வராதே.

மைக் முன்னாடி உட்கார்ந்து வீட்டுக் கதை பேசுறவளுக்கு இதைவிடச் சிக்கலான விதி இருக்குமா? அதனாலதான் ரெண்டு எபிசோட் வாயைத் திறக்கலை. ஐந்து சீலத்துல நாலாவது பொய் சொல்லாம இருக்கிறது. கல்யாணத்தைப் பத்திப் பேசினா பூசி மெழுகணும், இல்லைன்னா அத்தையை நாலு பேர் முன்னாடி வில்லி ஆக்கணும். ரெண்டும் வேண்டாம்னு இருந்தேன். இந்த எபிசோடுக்கு எழுதின குறிப்பை முதல்ல அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு இடத்துல வெட்டச் சொன்னாங்க, வெட்டியாச்சு. மகாமகத்தை வெட்டலாமான்னு நானே கேட்டேன். "அது இருக்கட்டும்"ன்னாங்க. "எத்தனை வீட்ல எத்தனை பேர் கேட்காம இருக்காங்களோ."

விசாரணை எங்க வீட்லயும் நடந்தது. திரும்பி வந்த ரெண்டாவது நாள், சாப்பாட்டு மேஜையில. எட்டுப் பெரியவங்க இல்லை, மூணு பேர். அத்தை கேட்ட கேள்வி எல்லாம் நடைமுறை. அவசரம்னா எப்படிக் கூப்பிடறது? மையத்து ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டா உள்ளே வந்து சொல்வாங்க. உடம்பு சரியில்லைன்னா? பெண்கள் பக்கம் பார்த்துக்க ஆள் இருப்பாங்க. பத்து நாளும் காலை காபி யார் போடறது? இந்தக் கேள்விக்கு அத்தை மகனைப் பார்த்தாங்க. இவர் தியானம் செய்யிறவர் இல்லை, காலைல ஓடப் போறவர். "பத்து நாள் ஓடாம இருந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு அத்தையே முடிச்சுட்டாங்க. பழகட்டும்னு இப்பவே ஆரம்பிச்சாச்சு. நாலு நாளா காபி கொஞ்சம் தண்ணியா இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்றதில்லை.

மையத்து நம்பரை அத்தை தினசரிக் காலண்டர் அட்டையில பெரிசா எழுதி வெச்சிருக்காங்க. பக்கத்துல நான் போற தேதி, வர்ற தேதி. பதினோராம் நாள் காலைல மாமா ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு.

அதனால அடுத்த எபிசோடுக்கு மூணு வாரம் ஆகும். நான் உள்ளே இருக்கும்போது மெயிலுக்குப் பதில் வராது, கோவிச்சுக்காதீங்க. கயா போறவங்களுக்கு ஒரு தகவல்: மார்கழியில போறதா இருந்தா புத்தகயாவுல தங்க இடம் ரொம்ப முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க, நல்ல ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. எந்தப் பழத்தை விடப் போறீங்கன்னும் ரயில்லயே யோசிச்சு வெச்சுக்கோங்க, அங்கே போய்த் திணற வேண்டாம்.